தரை அசைந்தால் ஓடாதீர்கள்: நெகிரி செம்பிலான் வீடுகளுக்கு ஒரு நில அதிர்வு விளக்கம்

2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.13 மணிக்கு ஜொகூர் மாநிலம் சிகாமட் பகுதியில் நிலம் அதிர்ந்தது. அளவு 4.1. பூமிக்கடியில் பத்து கிலோமீட்டர் ஆழத்தில் தோன்றிய அந்த அதிர்வை ஜொகூரோடு நெகிரி செம்பிலான், மலாக்கா, தெற்குப் பகாங் மக்களும் உணர்ந்திருக்கலாம் என்று மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. அன்றே ஒன்பது மணியளவில் யோங் பெங் பக்கம் 2.8 அளவில் இன்னொன்று வந்தது. அடுத்த சில நாள்களிலும் சின்னச் சின்ன அதிர்வுகள் தொடர்ந்தன.

"இந்தோனேசியாவில் வரும், ஜப்பானில் வரும், நம்ம பக்கம் அதெல்லாம் வராது" என்று சொல்லிவந்தவர்களுக்கு அது புதுச் செய்தி. புக்கிட் பெலண்டோக், லுக்குட், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் நாம் இதை எப்படி எடுத்துக்கொள்வது? பயந்து நடுங்க வேண்டியதில்லை. அலட்சியமாகவும் இருந்துவிட முடியாது. நம் பக்கம் எந்த மாதிரி அதிர்வு வரும், அது நம் வீட்டை என்ன செய்யும் என்பது தெரிந்துவிட்டால், செய்ய வேண்டியவை சிலதான்.

நமக்கு வரும் அதிர்வு இரண்டு வகை

முதல் வகை சுமத்ராவிலிருந்து வருவது. இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு என்னும் பூமி மேலோட்டின் பெரும் பாளம் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலுக்கடியில் உள்ளே இறங்குகிறது. இறங்கும் இடத்தில் பாறைகள் ஒன்றோடொன்று சிக்கி, பல ஆண்டுகள் அழுத்தம் சேர்ந்து, ஒருநாள் சட்டென்று விடுபடும். இது போதாதென்று, சுமத்ராத் தீவின் நீளத்துக்கு, ஏறத்தாழ 1,900 கிலோமீட்டருக்கு, நிலத்திலேயே ஒரு பெரிய பிளவும் ஓடுகிறது.

போர்ட்டிக்சன் கடற்கரையிலிருந்து பார்த்தால் சுமத்ராவின் கிழக்குக் கரை பக்கத்தில்தான். ஆனால் இந்தப் பிளவும் தட்டு இறங்கும் கடல் பள்ளமும் தீவின் மறுபக்கத்தில் இருக்கின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று பாடாங் நகரை உலுக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற 7.6 அளவு நிலநடுக்கத்தின் மையம் நமக்கு 400 கிலோமீட்டருக்கு அப்பால். 2022 பிப்ரவரி 25 காலை மேற்குச் சுமத்ராவின் பாசாமான் பகுதியில் வந்ததன் மையம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இரண்டும் தீபகற்பத்தின் மேற்குக் கரை மாநிலங்களில் உணரப்பட்டன. 2005 மார்ச்சில் நள்ளிரவு தாண்டியதும் வந்த நியாஸ் தீவு நிலநடுக்கம் (8.6), 2012 ஏப்ரல் 11 மாலை இந்தியப் பெருங்கடலில் வந்தது (8.6) இரண்டும் அடுக்குமாடிகளில் இருந்தவர்களைக் கீழே இறங்கி ஓட வைத்தவை.

இரண்டாம் வகை நம் காலடியிலேயே பிறப்பது. தீபகற்ப மலேசியா தட்டின் ஓரத்தில் இல்லாமல் உள்ளே தள்ளி இருப்பதால் இங்கே பெரிய நிலநடுக்கம் அரிது. ஆனால் நம் நிலத்தின் அடியிலும் பழைய பிளவுகள் உண்டு. பகாங்கில் பெந்தோங் அருகே உள்ள புக்கிட் திங்கியில் 2007 நவம்பர் இறுதியில் தொடங்கிச் சிறு அதிர்வுகள் அடுத்தடுத்து வந்தன. 2009-இல் நம் மாநிலத்தின் குவாலா பிலாவிலும் ஒரு சிறு அதிர்வு பதிவானது. 2025-இல் சிகாமட். சுமத்ரா போன்ற தொலைதூரப் பெருநிலநடுக்கங்களின் அழுத்தம் இந்தப் பழைய பிளவுகளை மெல்லத் தட்டி எழுப்புகிறது என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

சக்தியில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் பாடாங் நிலநடுக்கம் சிகாமட்டைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் பெரியது. ஆனாலும் சிகாமட் நம்மிடமிருந்து நூறு கிலோமீட்டர் தூரம்தான். செய்தியில் சொல்லும் அளவு எண் மட்டும் உங்கள் வீட்டின் கதையைச் சொல்லாது. எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், வீட்டுக்கடியில் எப்படிப்பட்ட மண் என்பனவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

மகளுக்கு ஆடுகிறது, அம்மாவுக்குத் தெரியவில்லை

சுமத்ராவில் நடுங்கும்போதெல்லாம் ஒன்று நடக்கும். கோலாலம்பூரிலோ சிரம்பானிலோ பதினைந்தாம் மாடியில் இருக்கும் மகள் பதறிப்போய்த் தோட்டத்துக்குப் போன் போடுவாள்: "அம்மா, வீடு ஆடுதும்மா, அங்க எப்படி?" அம்மாவுக்கோ ஒன்றுமே தெரிந்திருக்காது. இரண்டுமே உண்மைதான்.

நிலநடுக்க அலைகளில் வேகமாகத் துடிப்பவை தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். மெதுவாக, நீளமாக அசைப்பவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் வரும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்டக் கணக்கு இருக்கிறது. பொறியாளர்கள் மாடி எண்ணிக்கையைப் பத்தால் வகுத்துத் தோராயமாகச் சொல்வார்கள்: ஒரு மாடி வீடு ஒருமுறை ஆடி வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு, இருபது மாடிக்கு இரண்டு விநாடி. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலிலேயே உயரம் கூடுவதுபோல, மெதுவாக வரும் சுமத்ரா அலை உயரமான கட்டடத்தோடு ஒத்துப்போய் ஆட்டத்தைக் கூட்டிவிடுகிறது. தோட்டத்துச் சின்ன வீடு அந்த அலையோடு ஒத்துப்போவதில்லை, பேசாமல் இருக்கிறது.

தூரத்து நிலநடுக்கம் என்றால் ஆட்டம் மட்டும்தான், ஆபத்தே இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. 1985-இல் மெக்சிகோ நகரம் இடிந்தபோது நிலநடுக்க மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால் கடற்கரையில் இருந்தது. நகரம் பழைய ஏரிப் படுகையின் மென்மண்ணில் நின்றதால் நடுத்தர உயரக் கட்டடங்கள் விழுந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2025 மார்ச் 28 அன்று மியன்மாரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த பேங்காக்கில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட மாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. மென்மண், உயரம், கட்டுமானக் குறை என்று சேரும்போதுதான் தூரத்து அதிர்வு உயிர் வாங்குகிறது.

உள்ளூர் அதிர்வின் குணம் வேறு. அது நீண்டு ஆடாது. லாரி மோதியதுபோல ஒரு சத்தம், ஓர் உதறல், சில விநாடிகளில் முடிந்துவிடும். அதன் துடிப்பு வேகமானது என்பதால் தாழ்ந்த செங்கல் வீடுகளுக்குத்தான் அது முதலில் தெரியும். சிமெண்டுப் பூச்சு உதிர்வது, சுவரில் கீறல் விழுவது எல்லாம் இந்த வகையில்தான்.

வீடுதான் ஆளைக் கொல்கிறது

நிலநடுக்கத்தில் நிலம் வாய் பிளந்து மனிதரை விழுங்குவது சினிமாவில்தான். மக்கள் சாவது மேலே விழும் சுவராலும் கூரையாலும் பொருள்களாலும். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிராவின் லாத்தூர் வட்டாரத்தில் வந்த நிலநடுக்கம் 6.2 அளவுதான். தக்காணப் பீடபூமி உறுதியானது, அங்கே வராது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். மண் சாந்து வைத்துக் கட்டிய கனமான கருங்கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். நம் நாட்டில் 2015 ஜூன் 5 காலை சபாவின் ரானாவில் 6.0 அளவில் நடுங்கியபோது மாண்ட 18 பேரும் கினபாலு மலையில் இருந்தவர்கள். பாறைகள் பெயர்ந்து உருண்டதே காரணம்.

இந்தக் கண்ணோடு நம் வீடுகளைப் பாருங்கள். பழைய தோட்டத்துப் பலகை வீடு, தகரக் கூரையோடு, எடை குறைவு. ஆடினாலும் எளிதில் விழாது. அங்கே பார்க்க வேண்டியது கறையான் அரித்த தூணும், இற்றுப்போன கால்கட்டையும்தான். பிந்தி வந்த செங்கல் வரிசை வீடுகளும் தாமான் வீடுகளும் சிமெண்டுத் தூண்களோடு கட்டப்பட்டவை. சிறு அதிர்வில் இடிந்து விழும் வாய்ப்பு குறைவு. அங்கே கவலை தருபவை பிறகு ஒட்டிக் கட்டிய பகுதிகள்: கம்பி வைக்காமல் எழுப்பிய பின்பக்கச் சமையலறைச் சுவர், வாசல் முகப்பில் நிற்கும் தனிச் சுவர், பலமில்லாத தாங்கி மேல் வைத்த தண்ணீர்த் தொட்டி. மலேசியாவில் கட்டடங்களுக்கான நிலநடுக்க வடிவமைப்புத் தரத்தின் தேசிய இணைப்பு 2017-இல்தான் வந்தது. அதற்கு முன் எழுந்த கட்டடங்களில் பெரும்பாலானவை நிலநடுக்கத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல.

ஆகவே நம் பக்கம் உண்மையான ஆபத்து வீடு முழுதும் சரிவதைவிட, வீட்டுக்குள் பொருள்கள் விழுவதும், பதற்றத்தில் ஓடி மாடிப்படியில் உருள்வதும், தீப்பிடிப்பதும்தான். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த மூன்றைத் தடுக்கத்தான்.

அதிரும்போது

வீட்டுக்குள் இருந்தால் உள்ளேயே இருங்கள். முழங்காலிட்டுக் குனியுங்கள், உறுதியான மேசைக்கடியில் புகுந்து தலையையும் கழுத்தையும் மறையுங்கள், மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் நிற்கும்வரை அப்படியே இருங்கள். மேசை இல்லையா? அலமாரி, கண்ணாடி ஜன்னல், தொலைக்காட்சி இவற்றை விட்டு விலகி, உட்சுவர் ஓரம் குனிந்து கைகளால் தலையை மூடிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் மேசை, மடக்கு மேசை போன்றவை தாங்காது.

வாசலைத் தாண்டி ஓடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஓடுகிற நேரத்தில்தான் காலை உடைந்த கண்ணாடி கிழிக்கும்; முகப்புச் சுவரும் கூரைத் தகடும் விழுவதும் அதே வாசலில்தான். வாசல் நிலைக்கட்டையின் கீழ் நின்றால் பாதுகாப்பு என்பது பழைய மண் வீடுகளைப் பார்த்து வந்த எண்ணம். இன்றைய வீடுகளில் அதற்குத் தனிப் பலம் எதுவும் இல்லை.

படுக்கையில் இருந்தால் எழுந்து ஓடாமல் தலையணையால் தலையை மூடிக் குப்புறப் படுங்கள். கைக்குழந்தை இருந்தால் உங்கள் மார்புக்கடியில் அணைத்துக்கொள்ளுங்கள். தாத்தா சக்கர நாற்காலியில் இருந்தால் சக்கரத்தின் பிரேக்கைப் போட்டு, அவரை முன்னால் குனிந்து தலையை மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்து, கை எட்டும் தூரத்தில் இருந்தால் அணையுங்கள். எட்டாவிட்டால் முதலில் அடுப்பை விட்டு விலகுங்கள். கொதிக்கும் குழம்புக்கு அருகில் நிற்பது எல்லாவற்றிலும் மோசம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிப்ட்டைத் தொடக்கூடாது. பால்கனிக்குப் போகக்கூடாது. ஆட்டம் நின்ற பிறகு படிக்கட்டு வழியே, பிடியைப் பற்றிக்கொண்டு இறங்குங்கள்.

வெளியே இருந்தால் வெளியிலேயே இருங்கள். செம்பனைத் தோட்டத்தில் வேலையில் இருப்பவர்கள் மரத்தடியை விட்டுத் திறந்த பாதைக்கு வந்துவிட வேண்டும். பத்து, இருபது கிலோ எடையுள்ள குலை தலைக்கு மேலே தொங்குகிறது. குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பைக் கீழே போட்டுவிடுங்கள். அறுந்து தொங்கும் மின்கம்பியில் அது பட்டால் பிழைப்பது கஷ்டம். மோட்டார் சைக்கிளிலோ காரிலோ போனால் மெதுவாக ஓரம் கட்டி நிறுத்துங்கள். பாலத்தின் மேலும் மின்கம்பத்தின் அடியிலும் வேண்டாம். கோயிலில் இருந்தால் கோபுரத்தின் கீழே நிற்காதீர்கள். முதலில் உதிர்பவை சுதைச் சிற்பங்கள்தான்.

நின்ற பிறகு

ஆட்டம் நின்றதும் செருப்பைப் போடுங்கள். கேஸ் வாடை வருகிறதா என்று மூக்கால் பாருங்கள். வாடை இருந்தால் சிலிண்டரின் குமிழை மூடி, ஜன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள். விளக்கு சுவிட்சைத் தட்டாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். மின்சாரக் கம்பி அறுந்திருந்து, கேஸ் வாடையும் இல்லை என்றால் மட்டும் மெயின் சுவிட்சை இறக்குங்கள். யாருக்காவது காயம், தீ, இடிபாடு என்றால் 999.

பிறகு சுவர்களைச் சுற்றிப் பாருங்கள். பூச்சில் முடிபோல ஓடும் கீறல் அநேகமாகப் பூச்சோடு நின்றுவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வெடிப்பு, தூணில் விழும் வெடிப்பு, சட்டென்று இறுகி அடைக்கவே முடியாத கதவு இவை வேறு சங்கதி. அந்த வீட்டில் தூங்காதீர்கள்; பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை வேறிடம் போய் இருங்கள். சந்தேகமான கீறலின் இரு முனைகளையும் பென்சிலால் குறித்துத் தேதி போட்டு, படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் நகராண்மைக் கழகத்திடமோ தோட்ட நிர்வாகத்திடமோ சொல்வதற்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். தொழிலாளர் குடியிருப்பைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு. 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446 அதைத்தான் சொல்கிறது. வெடிப்பை எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போகலாம். சொந்த வீட்டுக்காரர்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: வெறும் தீ காப்புறுதி நிலநடுக்கத்தைச் சேர்ப்பதில்லை, வீட்டு உரிமையாளர் காப்புறுதி பொதுவாகச் சேர்க்கும்.

சுனாமியும் வதந்தியும்

அதிர்ந்த உடனே வாட்சாப்பில் முதலில் வருவது சுனாமிச் செய்திதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் 68 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பினாங்கில். தீபகற்பத்தின் வடமேற்குக் கரைக்கு அலை நேராக வர வழி இருந்தது. போர்ட்டிக்சனுக்குச் சுமத்ராத் தீவே பெரும் தடுப்பாக நிற்கிறது. நீரிணையும் இங்கே குறுகலானது, ஆழம் குறைந்தது. கடற்கரையில் இருந்தால் கரையை விட்டு ஏறி அறிவிப்புக்காகக் காத்திருப்பது நல்லது. உள்ளே தள்ளியிருக்கும் புக்கிட் பெலண்டோக்கில் மூட்டை கட்டிக்கொண்டு ஓட வேண்டிய தேவை இல்லை.

"இன்று இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் வரும், அளவு ஏழு" என்று தேதியும் நேரமும் போட்டு வரும் செய்தி எதுவும் உண்மையல்ல. உலகில் எந்த ஆய்வு நிலையத்தாலும் இன்றுவரை நிலநடுக்கத்தை அப்படி முன்கூட்டிச் சொல்ல முடியாது. பின்னதிர்வுகள் வரலாம் என்று மட்டும் சொல்ல முடியும். மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இணையத் தளத்தையும் மைச்சுவாச்சா செயலியையும் பாருங்கள். அதிர்வை உணர்ந்தால் அத்துறையின் படிவத்தில் பதிவும் செய்யுங்கள். எந்த ஊரில் எவ்வளவு உணரப்பட்டது என்ற வரைபடம் அப்படித்தான் உருவாகிறது.

தவறாகப் புரிந்துகொண்ட ஆபத்தின் விலை புக்கிட் பெலண்டோக்குக்குத் தெரியும். 1998, 1999-இல் இங்கே பரவிய காய்ச்சலை முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு கொசு மருந்து அடித்தார்கள், அதற்குரிய தடுப்பூசியும் போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங் அது புதிய கிருமி என்று கண்டபிறகே நோய் கொசுவால் அல்ல, பன்றிகளிடமிருந்து பரவுவது என்பது தெளிவானது. அதற்குள்ளும் பிறகுமாக நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இந்த வட்டாரத்தின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால்தான் உலகம் இன்றும் அந்தக் கிருமியை அழைக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

உயரமான அலமாரியைச் சுவரோடு இரும்பு மூலைத்தகடு வைத்துத் திருகுங்கள். அலமாரி உச்சியில் அடுக்கிய பெரிய பாத்திரங்கள், பெட்டிகள், கிரைண்டர் ஆகியவற்றைத் தரைக்கு இறக்குங்கள். கட்டிலுக்கு நேர் மேலே கண்ணாடிச் சட்டம் போட்ட படம் தொங்கினால் வேறு சுவருக்கு மாற்றுங்கள். சாமி மேடையில் விளக்கு ஏற்றிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எண்ணெய் விளக்கு சாய்ந்தால் மேடைத் துணியும் பலகைச் சுவரும் பற்றிக்கொள்ளும். ஒரு பையில் டார்ச் விளக்கு, தண்ணீர், தினசரி மருந்து, அடையாள அட்டை நகல் போட்டு வாசலருகே வையுங்கள். வீட்டில் எல்லாரும் கூட வேண்டிய இடம் எது என்று பேசி முடிவு செய்யுங்கள். தோட்டத்துத் திடல் போதும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. பெரிய நிலநடுக்கம் நம் பக்கம் வரவே வராமல் போனாலும், இதே ஏற்பாடு புயற்காற்றுக்கும் தீக்கும் உதவும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் குனிந்து, மறைந்து, பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை ஒருமுறை செய்து காட்டுங்கள். தரை அசையும் சில விநாடியில் யோசிக்க நேரம் இருக்காது, பழகிய உடல்தான் சரியானதைச் செய்யும்.